காக்கைக்குச் சோறு வைப்பதா குற்றம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூர், செந்தூலில் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட் பக்கத்தில், காக்கைக்குச் சோறு வைக்கக்கூடாது என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். அமாவாசைக்குச் சோறு வைப்பவர்களால்தான் காக்கை பெருகிவிட்டதாம். துப்பாக்கியோடு ஆள் வந்து சுடவேண்டுமாம். குடியிருப்பாளர் கூட்டத்தில் ஒருவர் சொல்ல, பலர் தலையாட்டினார்கள்.

நான் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்கும் ஒட்டுக்கடைக்காரி. இருட்டோடு கடை போடுகிறவளுக்குக் காக்கை எங்கே சாப்பிடுகிறது என்று தெரியாதா? ஒரு பிடி எள்ளுச்சோறு அதற்கு ஒரு நிமிட வேலை. மூன்று வேளைச் சாப்பாடும் கடைகளின் பின்சந்தில், மூடியில்லாத குப்பைத் தோம்பில்தான். கோழி எலும்பு, மீன் தலை, சாம்பார் வழியும் பை எல்லாம் அங்கே கிடக்கின்றன. எங்கள் புளோக்கின் குப்பை அறைக்கோ கதவு ஒரு கீலில் தொங்குகிறது.

கழுத்து சாம்பலான இந்தக் காக்கை நம் மலேசிய நாட்டுப் பறவையே அல்ல. காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்னட்டும் என்று 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். காப்பி போய் ரப்பர் வந்தது, காக்கை போகவில்லை. அதன் கூட்டில் முட்டையிட்டுக் குயிலும் பெருகிவிட்டது. விடியுமுன் குயில் கத்துகிறது என்றும் அதே கூட்டத்தில் புகார்!

கோலாலம்பூரும் சுற்று ஊர்களும் சேர்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் ஊராட்சி மன்றங்கள் எத்தனையோ முறை சுட்டுப் பார்த்துவிட்டன. தீனி கிடக்கும்வரை பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) காக்கை இங்கே வந்துவிடும். குஞ்சு பொரிக்கும் காலத்தில் தலையில் கொத்துகிறது என்பது உண்மைதான், பிள்ளைகள் பயப்படுகிறார்கள். அந்த மரத்துக் கூட்டை எடுக்க, கிளையைக் கழிக்க மனுப் போடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

கோலாலம்பூரில் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது 2015 செப்டம்பர் 1 முதல் கட்டாயம். தரை வீடுகளுக்கு மூடி போட்ட 120 லிட்டர் தோம்பும் கொடுத்தார்கள். எங்கள் புளோக்கில் டுரியான் தோலும் பழைய பேப்பரும் இன்னும் ஒரே பையில்தான். அறிவிப்பு ஒட்டிய கையோடு அந்தக் கதவையும் சரிசெய்யலாமே? அதற்குத்தானே மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் வாங்குகிறீர்கள்.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாழையிலையில் ஒரு பிடி வையுங்கள், காக்கை எடுத்ததும் இலையை எடுத்துவிடுங்கள். மீந்த பிரியாணியைக் கடைமுன் ஐந்தடி நடைபாதையில் கொட்டிவிட்டு முன்னோர் பெயரைச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
ஒட்டுக்கடைக்காரி,
செந்தூல், கோலாலம்பூர்