பல்பொடி வீட்டிலிருந்து உம்மா

அஸ்ஸலாமு அலைக்கும் மவளே,

நீ, மாப்பிள்ளை, பிள்ளைகள் எல்லாரும் நலம்தானே. இங்கே வாப்பாவுக்குச் சளி விடவில்லை, மற்றபடி நலம். வீட்டைப் பற்றி நான் வாயெடுத்தாலே "அப்புறம் பேசறேன் உம்மா" என்று போனை வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

மழைக்குத் தெருப்பக்கச் சுவர் உரிந்து கோபால் பல்பொடி விளம்பரம் மறுபடி தெரிகிறது, அதற்கும் அடியில் வேறு ஏதோ சிவப்பு எழுத்து. ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் விளம்பரம் எழுத வருகிறவர்கள் சுவர் முழுக்கச் சும்மா வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுதுவார்கள், அதற்காகவே என் உம்மா சரி என்பார். இன்றும் தபால்காரருக்கு இது பல்பொடி வீடுதான்.

என் உம்மா இந்த வீட்டை எனக்குத் தந்தார், உன் நிக்காஹுக்கு நான் உன் பேரில் எழுதி வைத்தேன். உன் வீடு. நான் ஒன்றும் கேட்கவில்லை.

போன வாரம் ஒருவர் டேப்போடு வந்து வாசலிலிருந்து கிணறு வரை அளந்தார். யார் அனுப்பியது என்று நான் கேட்கவில்லை, டீ கொடுத்தேன். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "செங்கல்கூட இல்லை, இதற்கு என்ன விலை வரும்" என்றார் பார், அதைத்தான் தாங்க முடியவில்லை.

அது முருகைக்கல் மவளே, கடலில் வெட்டி எடுத்த பவளப்பாறை. காலேஜில் இருந்து தனுஷ்கோடி போனபோது சர்ச் சுவரில் ஓட்டை ஓட்டையாகப் பார்த்தாயே, அதே கல். 1964 டிசம்பர் புயலில் ஊரே போய்விட்டது, கூரை இல்லாமல் அந்தச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. இனி அந்தக் கல் யாருக்கும் கிடைக்காது. வெட்டி வெட்டியே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு தண்ணீருக்குள் போயின, 1986இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், 2001இல் பவளப்பாறையை எடுப்பதையே சட்டத்தில் கடுமையான குற்றம் ஆக்கினார்கள். நல்ல சட்டம், இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டும். ஆனால் கடலை அழித்து எடுத்த கல்லை லாரியில் ஏற்றிப் பள்ளத்தில் கொட்டுவது எந்த நியாயம்?

ஈரம் ஏறுகிறது என்பாய். உன் காக்கா, என் மவன், ஆசையாகப் பூசிய சிமெண்டால் வந்த ஈரம் அது. சிமெண்டு பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லை, உப்புப் பூத்துக் கல்லையும் சேர்த்து உதிர்க்கும். அதைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசினால் போதும். சிமெண்டு படாத பின்கட்டுச் சுவர் இன்றும் உதிரவில்லை. எதிர் வீட்டு மாடியை வந்து பார், உப்புக்காற்றில் கம்பி துருவேறி பால்கனி அடியில் துண்டு துண்டாக விழுகிறது, நேற்றுக் கட்டியது.

பழைய ஜும்மா பள்ளியின் கல்தூண்களைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறார்கள், சுற்றியிருக்கும் வீடுகளை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றாகப் போகிறது.

நீ பேங்கில் ஊரார் பத்திரத்தையெல்லாம் சரிபார்ப்பவள், நம் தெருவில் முதல் ஆபீசர், அந்தப் பெருமை எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் வீட்டு ஆள் நீட்டும் பேப்பரை நீ படிக்கிறாயா என்றுதான் எனக்குத் தெரியவில்லை. எதிலும் கையெழுத்துப் போடுமுன் படித்துப் பார். மாப்பிள்ளைக்கு வியாபாரத்தில் ஏதாவது முடை என்றால் என் காசுமாலை இருக்கிறது, முதலில் அதைக் கேள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன், வாப்பாவுக்கும் சொல்ல மாட்டேன். கோபமாக இருக்கிறாயா என்பதாவது சொல், இரண்டு வார்த்தை வாய்ஸ் மெசேஜ் அனுப்புவது பேசுவது ஆகாது. கையெழுத்துப் போடுமுன் படி.

டேப் வைத்து அளந்தவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவரிடம் நான் என்ன சொல்லட்டும்? வியாழக்கிழமை ராத்திரிக்குள் கூப்பிடு.

வஸ்ஸலாம்,
உம்மா