ஹாரிஸ் பிரபுவுக்கு ராயபுரத்திலிருந்து ஒரு கடிதம்

மாண்புமிகு ஹாரிஸ் பிரபு அவர்களுக்கு,

வணக்கம். சென்னை கவர்னராக இருந்தபோது 1856 ஜூன் 28-இல் தாங்கள் திறந்துவைத்த ராயபுரம் ஸ்டேஷன் இன்னும் நிற்கிறது. பம்பாய்க்காரர்கள் 1853-லும் கல்கத்தாக்காரர்கள் 1854-லும் ரயில் விட்டு நம்மை முந்திக்கொண்டார்கள். ஆனால் பம்பாய் போரிபந்தரில் அன்றிருந்த ஸ்டேஷனும் போய்விட்டது, கல்கத்தா பக்கத்து ஹௌராவின் முதல் ஸ்டேஷனும் போய்விட்டது. பிந்தி வந்த நம்முடையது மட்டும் மிஞ்சியது.

ஜூலை 1-ஆம் தேதி இங்கிருந்து வாலாஜா ரோடுக்கு வண்டி விட்டார்கள், நூறு கிலோமீட்டர் சொச்சம். பெட்டிகளைக் கட்டிக்கொடுத்தது நம்ம ஊர் சிம்ப்சன் கம்பெனி. தங்கள் தாத்தா ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்த ஜெனரல். தங்கள் மகனோ பின்னாளில் பம்பாய்க்கு கவர்னராக வந்து கிரிக்கெட்டில் பேர் வாங்கியவர். பெரிய குடும்பம்தான். இருந்தாலும் வடசென்னைக்காரர்களுக்கு உபயோகமான ஆள் உங்கள் வீட்டில் நீங்கள் ஒருவர்தான்.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1873-இல் சென்ட்ரல் வந்தது. 1908-இல் எழும்பூருக்குப் புதுக் கட்டடம் வந்தது. ராயபுரத்துக்கு மிஞ்சியது துறைமுகத்துச் சரக்கும் லோக்கல் வண்டிகளும். கட்டடம் பாழடைந்து, ஆளாளுக்குக் குரல் கொடுத்து, ஒருவழியாக 2005-இல் புதுப்பித்தார்கள். நன்றாகவே செய்தார்கள், குறை சொல்ல மாட்டேன். சிவப்புச் சுவர், வெள்ளைத் தூண்கள், தூண் உச்சியில் இலைச் செதுக்கல். கல்யாண போட்டோ எடுக்கத் தோதான இடம். கட்டடத்துக்கு மரியாதை கிடைத்துவிட்டது, வண்டிதான் கிடைக்கவில்லை.

கடற்கரையிலிருந்து அரக்கோணம் பக்கமும் கும்மிடிப்பூண்டி பக்கமும் போகும் மின்சார ரயில்கள் நிற்கின்றன. காசிமேட்டு மீன்கூடை ஏறினால் அடுத்தவர் நகர்ந்து இடம் விடுவார், வாசனைக்குப் பயந்துதான். ஆனால் வெளியூர் போக வேண்டுமானால் வண்ணாரப்பேட்டைக்காரரும் தண்டையார்பேட்டைக்காரரும் பெட்டி படுக்கையோடு சென்ட்ரலுக்கோ எழும்பூருக்கோதான் ஓட வேண்டும்.

நகரத்துக்கு மூன்றாவது டெர்மினல் வேண்டும் என்ற பேச்சு வந்தபோது ராயபுரத்தைக் கேட்டோம். தாம்பரத்துக்குப் போனது. தெற்கே போகிற வண்டிகளுக்கு அது சரியான இடம், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் ஹைதராபாத் போகிற சார்மினார் எக்ஸ்பிரசும் இப்போது தாம்பரத்திலிருந்துதான் கிளம்புகிறது. தெற்கு ஓரத்தில் புறப்பட்டு, ஊரையே குறுக்கே வெட்டி, எழும்பூர், கடற்கரை எல்லாம் தாண்டி, தங்கள் தூண்களுக்குப் பக்கத்திலேயே நிற்காமல் போகிறது. அதைப் பிடிக்க ராயபுரத்துக்காரன் முதலில் எழும்பூருக்கு எதிர்த்திசையில் போக வேண்டும்! வடக்கே கூடூர் பாதையும் மேற்கே அரக்கோணம் பாதையும் பிரிவதற்கு முன்னாலேயே இருக்கும் ஸ்டேஷன் இது. ஆந்திரா வண்டிகளுக்கு இதைவிடத் தோதான இடம் எது?

பக்கத்தில் எலக்ட்ரிக் லோகோ ஷெட் வேறு இருக்கிறது. நாட்டின் பல மூலைகளுக்கு ரயிலை இழுத்துப் போகிற என்ஜின்களுக்கு ராயபுரம்தான் வீடு. ராயபுரத்து என்ஜின் டில்லி வரை போகும், ராயபுரத்துப் பயணி பஸ் பிடிக்க வேண்டும்.

டெர்மினல் கட்டப் பணமும் வருஷமும் ஆகும், தெரிகிறது. அதுவரை வடக்கே போகிற எக்ஸ்பிரஸ்களில் ஒன்றிரண்டையாவது இரண்டு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்கள். ரயில்வேக்காரர்களிடம் நாங்கள் சொல்லிப் பார்த்தாயிற்று. பழைய கவர்னர் சொன்னால் எடுபடுமோ என்னவோ.

இப்படிக்கு,
கல்மண்டபத்திலிருந்து ஒருவன்