ஊருணித் தண்ணீர் குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தண்ணீரில் கலக்கும் ஒருவகை ரசாயனத்தைப் பற்றித் திங்கட்கிழமை எட்டாம் வகுப்பில் நான் நடத்திய பாடம் உங்கள் அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. நான்கு பேர் போன் செய்தீர்கள். ஒரு அப்பத்தா நேரிலேயே வந்து, "என்ன டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க, பேத்தி ஊருணித் தண்ணிய வாயில வைக்க மாட்டேங்குறா" என்று கேட்டார். பாதி மட்டும் புரிந்து பிள்ளைகள் பயந்திருக்கிறார்கள். மீதியை உங்களுக்கே எழுதுகிறேன்.

முதலில், பிள்ளைகள் தண்ணீர் குடிக்கட்டும். இந்த மார்ச் வெயிலில் குடிக்காமல் இருப்பதுதான் ஆபத்து. நம் ஊரில் அந்த ரசாயனம் செய்யும் ஆலை எதுவும் கிடையாது.

பாடம் பிஃபாஸ் எனப்படும் ஃபுளூரின் சேர்ந்த ரசாயனங்களைப் பற்றியது. எண்ணெயும் ஒட்டாது, தண்ணீரும் ஒட்டாது என்பதால் நான்-ஸ்டிக் சட்டி, மழைக்கோட்டு, எண்ணெய் ஊறாத பொட்டலக் காகிதம், தீயணைப்பு நுரை என்று பலவற்றிலும் சேர்த்தார்கள். கார்பனும் ஃபுளூரினும் அவ்வளவு இறுகப் பிடித்துக்கொள்வதால் வெயிலுக்கும் மழைக்கும் அது அசையாது. ஆலைக் கழிவோடு ஆற்றில் இறங்கினால் கிணறு வரை போகும். சில வகைகள் உடம்பில் பாதியாகக் குறையவே வருடக்கணக்கில் ஆகும்.

அமெரிக்காவில், மேற்கு வர்ஜீனியாவில், வில்பர் டெனன்ட் என்றொரு விவசாயி. ஓடைத் தண்ணீர் குடித்த அவருடைய மாடுகள் ஒவ்வொன்றாகச் செத்தன. ஓடைக்கு மேலே டூபான்ட் கம்பெனி கழிவு கொட்டிய இடம். 1999-இல் வக்கீல் ராபர்ட் பிலாட் அவருக்காக வழக்குப் போட்டார். அப்புறம்தான் சுற்றுவட்டார மக்களின் குடிநீரிலும் பிஃபாஸ் வகை ரசாயனம் ஒன்று இருப்பது தெரியவந்தது. சுமார் 69,000 பேர் பரிசோதனைக்கு வந்தார்கள். சிறுநீரகப் புற்றுநோய், தைராய்டு நோய் உட்பட ஆறு நோய்களோடு அதற்குத் தொடர்பு இருப்பதாக 2012-இல் ஆய்வுக் குழு சொன்னது. மாட்டைப் பார்த்து முதலில் சந்தேகப்பட்டது ஒரு விவசாயிதான். இதைப் பிள்ளைகள் மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

2024-இல் அமெரிக்கா இவற்றில் முக்கியமான இரண்டுக்குக் குடிநீரில் வரம்பு வைத்தது: லட்சம் கோடியில் நான்கு பங்கு. பிள்ளைகள் கரும்பலகையில் கணக்குப் போட்டார்கள். ஒரு ஏக்கர் பரப்பு, பத்தடி ஆழம், கரை தொட நிரம்பிய ஊருணி. அந்த வரம்பு அதில் ஒரே ஒரு சொட்டுதான். விடை வந்ததும் வகுப்பே அமைதியாகிவிட்டது. பயம் அங்கேதான் பிடித்திருக்க வேண்டும்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆகவே அதை விடாதீர்கள். ஆனால் இந்த ரசாயனம் கொதியில் போகாது. ஆர்.ஓ. வடிகட்டி பெரும்பகுதியைப் பிடிக்கும், அதற்காக யாரும் கடன் வாங்கி ஓட வேண்டாம்.

என்னை உறுத்துவது வேறு. போன வாரம் ஊருணிக்கு மழைத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஓரம் குப்பைக்குத் தீ வைத்திருந்தார்கள். நடுவே ஒரு நான்-ஸ்டிக் தோசைக்கல், பூச்சு செதில் செதிலாகக் கழன்று, கைப்பிடி உருகி வழிந்து கிடந்தது. கோடை மழை ஒன்று பெய்தால் அந்தச் சாம்பல் எங்கே போகும்? வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், விழும் மழையைக்கூட வீணாக்காமல் ஊருணிக்குக் கொண்டுபோனவர்கள் நம் ஐயாமார். குடிதண்ணீர் ஊருணியில் கால் நனைக்க விடமாட்டார்கள். என்னையே சின்ன வயதில் படியிலிருந்து விரட்டியிருக்கிறார்கள்.

தயவுசெய்து வரத்துக்காலில் குப்பை கொட்டாதீர்கள், எரிக்காதீர்கள். நான்-ஸ்டிக் சட்டியை வெறுமனே அடுப்பில் காய விடாதீர்கள், புகை நல்லதல்ல. பூச்சு போனால் மறுபடி இரும்புக்கல்லே வாங்குங்கள். பணியாரச் சட்டி பழக்கின கைகளுக்கு இரும்பு சிரமமில்லை.

வரும் 22-ஆம் தேதி, உலகத் தண்ணீர் தினத்துக்கான கிராம சபை கூடுகிறது. வரத்துக்காலைச் சுத்தம் செய்யவும், ஊருணித் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பவும் தீர்மானம் கேட்கப் போகிறேன். வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். பிள்ளைகள் அந்த ஒரு சொட்டுக் கணக்கை அட்டையில் எழுதி எடுத்து வருகிறார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்