அப்ஹோல்டரை மூழ்கடித்தது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போரின் நீர்மூழ்கித் தளபதிகளைப் பற்றி எழுதுவோர் பலர், பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி டேவிட் வாங்க்லினின் நீர்மூழ்கியான அப்ஹோல்டரை இத்தாலியப் போர்க்கப்பல் பெகாசோ மூழ்கடித்ததாக ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது நிரூபணமான செய்தி அல்ல.

1911-இல் கல்கத்தாவில் பிறந்த வாங்க்லின், மால்டாத் தீவிலிருந்து அந்தச் சிறிய நீர்மூழ்கியை நடத்தியவர். 1941 மே 24 அன்று சிசிலிக்கு அருகே மாலை மங்கும் நேரம். பெரிஸ்கோப்பில் சரியாகத் தெரியவில்லை, ஒலி கேட்கும் கருவியும் பழுது. காவல் கப்பல்கள் எங்கே இருக்கின்றன என்று காதால் அறிய வழியில்லாமலே அணுகி, கான்டே ரோஸோ என்ற இத்தாலியத் துருப்புக் கப்பலை வீழ்த்தினார். பிறகு 37 ஆழ்வெடிகுண்டுகள் விழுந்தன. வேட்டையாடும் கப்பல் நெருங்கும் ஓசையைக் கேட்டுத்தான் நீர்மூழ்கி திசையையும் வேகத்தையும் மாற்றித் தப்பும். அந்த ஓசையும் கிடைக்காத நிலையில் அவர் தப்பினார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் அவருக்குக் கிடைத்தது இதற்காகத்தான்.

எங்கள் கணிப்பில் அதைவிட அரிய வேலை அதே ஆண்டு செப்டம்பர் 18-இல் நடந்தது. டார்பிடோக் குழாய்கள் கப்பலின் மூக்கோடு நிலையாகப் பொருத்தப்பட்டவை. குறிவைக்கக் கப்பலையே திருப்ப வேண்டும். அன்றிரவு கைரோ திசைகாட்டி பழுதாகி, கப்பல் நேராக நிற்காமல் இருபுறமும் அலைந்தது. அந்த அலைவையே கணக்கில் எடுத்து, மூக்கு இலக்கைக் கடக்கும் கணங்களில் நான்கு டார்பிடோக்களையும் செலுத்தினார். தூரம் ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர். இத்தாலியத் துருப்புக் கப்பல் நெப்டூனியா மூழ்கியது. இன்னொரு துருப்புக் கப்பலான ஓசியானியா அடிபட்டு நின்றது. குழாய்களில் மறுபடி டார்பிடோ ஏற்றிக்கொண்டு வந்து காலையில் அதையும் முடித்தார்.

1942 ஏப்ரலில் அவர் புறப்பட்டது 25-ஆவது ரோந்து. அது முடிந்ததும் தாயகம் திரும்புவதாக இருந்தது, வயது 30. துனிசியக் கரையில் உளவாளிகளை இறக்கிவிட்டு, 10-ஆம் தேதி இரவு அன்பீட்டன் என்ற நீர்மூழ்கியைச் சந்தித்து ஒரு கமாண்டோ அதிகாரியை அதற்கு மாற்றினார். பிறகு எந்தச் செய்தியும் வரவில்லை. 12-ஆம் தேதி, அர்ஜ், திராஷர் ஆகிய பிரிட்டிஷ் நீர்மூழ்கிகளுடன் ரோந்து வரிசையில் சேருமாறு உத்தரவு போனது, பதில் இல்லை.

பெகாசோ 14-ஆம் தேதி ஆழ்வெடிகுண்டு வீசியது உண்மை. ஆனால் அந்த இடம் அப்ஹோல்டர் இருந்திருக்க வேண்டிய பகுதியிலிருந்து சுமார் 100 மைல் தள்ளி இருக்கிறது. கடல்மேல் சிதைவு எதுவும் காணப்படவில்லை. திரிபோலிக்கு அருகே கண்ணிவெடியில் சிக்கியிருக்கலாம், விமானத் தாக்குதலுக்கு உள்ளாகியிருக்கலாம் என்ற கருத்துகளும் வலுவாகவே உள்ளன. உடன் சென்ற ஒருவரும் பிழைக்காததால் சாட்சி சொல்ல ஆளில்லை.

அதே மாதம் மறைந்த அர்ஜின் சிதைவு 2019-இல் மால்டா அருகே கண்டறியப்பட்டது; அது கண்ணிவெடியால் மூழ்கியது என்று இப்போது உறுதியாகச் சொல்கிறார்கள். அப்ஹோல்டரின் சிதைவும் அப்படி உறுதி செய்யப்படும்வரை, “காரணம் நிரூபிக்கப்படவில்லை” என்றே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடற்படை வரலாற்று வாசகர்கள்