சாளரக் கண்ணாடி வழிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரை, கண்ணாடி மிக மெதுவாக ஓடும் திரவம் என்றும், ஐரோப்பாவின் பழைய தேவாலயச் சாளரங்கள் அடியில் தடித்திருப்பதே அதற்குச் சான்று என்றும் கூறியிருந்தது. அந்தத் தடிப்பு, உருகிய கண்ணாடியைக் கையால் தகடாக்கிய காலத்துச் சமமின்மை. அறை வெப்பநிலையில் சாளரக் கண்ணாடி கண்ணுக்குத் தெரியுமளவு வழிவதற்குப் பிரபஞ்சத்தின் வயதும் போதாது.

மாணவர்களுக்குச் சொல்லத்தக்க உண்மை வேறொன்று உண்டு. எந்தத் திரவமும் மிகக் குறுகிய கணத்துக்குத் திடப்பொருளைப் போலவே விறைத்து நிற்கிறது. 1867-இல் இயற்பியலாளர் மாக்ஸ்வெல் காட்டிய வழியில், பாகுநிலையை, அதாவது ஓட்டத்துக்குத் திரவம் காட்டும் தடையை, அந்தக் கணநேர விறைப்பின் அளவான விறைப்புக் குணகத்தால் வகுத்தால், மூலக்கூறுகள் இடம் மாற ஆகும் நேரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். தண்ணீருக்கு அது ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவே. கண்ணாடியாக இறுகும் தறுவாயிலுள்ள திரவத்துக்கோ 100 நொடி அளவு. சர்க்கரைப் பாகு படிகமாகாமல் ஆறித் தெளிந்த மிட்டாயாக இறுகும்போது நிகழ்வதும் இதுவே.

இதில் வியப்பு என்னவென்றால், குளிரும்போது விறைப்பு சில மடங்கே கூடுகிறது. பாகுநிலையோ கோடி மடங்குகளையும் தாண்டிப் பெருகுகிறது. டென்மார்க்கின் ரோஸ்கில்டே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யெப்பே டியூரேயும் அவருடைய சகாக்களும் 1996-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். அண்டை மூலக்கூறுகளின் நடுவே சிறைப்பட்ட மூலக்கூறு இடம் மாற வேண்டுமானால், சுற்றியிருப்பவற்றை ஒரு கணம் நெட்டித் தள்ளியாக வேண்டும். சுற்றுப்புறம் எவ்வளவு விறைப்போ, அதற்கு அவ்வளவு ஆற்றல் தேவை. அந்த ஆற்றலுக்கும் வெப்ப ஆற்றலுக்கும் உள்ள விகிதம் அடுக்குக்குறியில் அமர்வதால், விறைப்பின் சிறு ஏற்றமும் நேரத்தைப் பன்மடங்கு நீட்டிவிடுகிறது. இமைப்பொழுதிலும் மிகச் சிறிய நேரத்தில் நிகழும் மூலக்கூறு அதிர்வு, நிமிடக்கணக்கில் நீளும் ஓட்டத்தை முன்கூட்டியே காட்டுகிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

எல்லாத் திரவங்களுக்கும் இது ஒன்றே விடை என்று நான் வாதிடவில்லை. கண்ணாடியின் இயல்பே, திடப்பொருள்களை விளக்கும் திண்மநிலைக் கோட்பாட்டின் தீராத சிக்கல்களுள் மிக ஆழமானதாக இருக்கலாம் என்று இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சன் 1995-இல் எழுதினார். ஆய்வாளரிடையே விவாதம் இன்றும் தொடர்கிறது. ஆனால் தீராத சிக்கலை மறைத்து, தவறான கதையை மாணவர்களிடம் சேர்ப்பது முறையன்று. அப்பக்கத்தைப் பள்ளிப் பிள்ளைகள் கத்தரித்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைக்கிறார்கள். ஆகவே திருத்தத்தையும் அதே பக்கத்தில், அதே அளவு இடத்தில் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்