விறகுப் போர்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படம் பார்த்தேன். உருளைக் கட்டைகளை அப்படியே குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறீர்கள். முதல் வேலையாக அந்தத் தார்ப்பாயை எடுத்துவிடும்மா. உள்ளே வேர்த்து வேர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும்.

வைக்கோல் போர் மாதிரி வட்டமாக அடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக அடுக்கலாம். முட்டு எதுவும் இல்லாமல் தானாக நிற்கும், சின்ன இடத்தில் நிறையக் கொள்ளும். ஆனால் வட்டமாக அடுக்கினால் சீக்கிரம் காயும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. காற்றுப் படும் இடத்தில் ஒற்றை வரிசையாக அடுக்கியதுதான் முந்திக் காயும். போரின் நடுவில் இருப்பது பிந்தித்தான் வரும்.

விறகு காய்வதில் பாதி, அடுக்குவதற்கு முன்பே தீர்மானமாகிவிடும். மரத்துக்குள் நீர் நார் ஓடும் வாக்கில்தான் எளிதாக நகரும். குறுக்கே நகர்வது மிக மெதுவு. அதனால் வெட்டுமுகம் வழியாகவே ஈரம் அதிகம் வெளியேறும். துண்டு குட்டையாக இருந்தால் லாபம். 40 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள். அடுப்பின் உள்நீளத்தைவிட 5 செ.மீ.யாவது குறைவாக இருக்கிறதா என்று மட்டும் பார். பட்டை ஈரத்தை வெளியே விடாது. ஆகவே மணிக்கட்டை விடப் பருமனான எதையும் பிளக்காமல் வைக்காதே. பிளந்த துண்டு 8 முதல் 15 செ.மீ. கனம் இருக்கலாம். பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடச் சொல் மாப்பிள்ளையிடம். காய்ந்த பிறகு கணுவுள்ள கட்டை ஆப்பை வாங்கிக்கொள்ளும், திருப்பித் தராது.

இடம் வெயிலும் காற்றும் படுவதாக, மட்டமாக இருக்கட்டும். வீட்டுச் சுவரை ஒட்டி வேண்டாம். கறையான் வரும், தீப் பயமும் உண்டு. தரையில் 10 செ.மீ. உயரத்துக்குச் சரளைக் கல் பரப்பு. மண்மேல் நேரே வைத்தால் அடி வரிசை ஈரத்தை உறிஞ்சி உளுத்துப் போகும், அதோடு போரும் சாயும்.

நடுவில் ஒரு கம்பு நட்டு, 1 மீட்டர் கயிற்றில் வட்டம் போடு. 2 மீட்டர் விட்டம் வரும். 1.6 மீட்டர் உயரம் கட்டினால் இடைவெளியும் சேர்த்து ஏறக்குறைய 5 கன மீட்டர் பிடிக்கும். முதல் போருக்கு அதற்குமேல் ஆசைப்படாதே.

வட்டக் கோட்டின் மேலேயே துண்டுகளை ஒன்றன் வாலில் அடுத்ததன் தலை படும்படி படுக்க வை. இது தாங்குவளையம். இனி, சுவர்த் துண்டுகளை வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல வை: வெளி நுனி வளையத்தின் மேல், உள் நுனி கீழே சரளையில். துண்டு உள்பக்கம் சரிந்து கிடக்கும். இந்தச் சரிவுதான் போரின் உயிர். எல்லாத் துண்டும் நடுவை நோக்கிச் சாய்ந்தால் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும்.

ஆனால் சரிவு நிலைக்காது. வெளிச்சுற்று 6.3 மீட்டர், உள்சுற்று 3.8 மீட்டர்தான். உள் நுனிகள் நெருக்கியடித்து மேலே ஏறும், வெளி நுனிகள் அகலக் கிடந்து தாழும். சில வரிசையிலேயே சுவர் மட்டமாகி, அப்புறம் வெளியே சாயத் தொடங்கும். ஒல்லி முனையை உள்பக்கம் வைத்தால் கொஞ்சம் தாமதப்படும். மட்டமாகிவிட்டது என்று கண்ணில் பட்டதும் வெளி ஓரத்தில் இன்னொரு வளையம் படுக்கப் போட்டு, அதன்மேல் தொடர். 'இன்னும் ஒரு வரிசை போகட்டும்' என்று விட்டால்தான் சுவர் தொப்பை போடும். தொப்பை விழுந்தால் தட்டிச் சரிசெய்ய முடியாது. அந்த இடம் வரை பிரித்துத்தான் மறுபடி கட்டவேண்டும்.

சுவர் அரை மீட்டர் ஏறியதும் நடுவை நிரப்பத் தொடங்கு. துண்டுகளைச் செங்குத்தாக, தளர்வாக நிறுத்து. இடையில் காற்று மேலேறட்டும். கோணல், கணு, கவட்டை எல்லாம் இங்கேதான் போகவேண்டும். நேரான துண்டுகளைச் சுவருக்கு வைத்துக்கொள். இடுக்கில் சிராயையும் பட்டையையும் திணித்தால் நடு அவிந்து நாறும்.

உச்சியில் குவிந்த மாதிரி நிரப்பி, பட்டை மேலே பார்க்க, ஓடு வேய்வது போல ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி மூடு. மழை ஓடிவிடும். அடைமழைக் காலத்தில் தலைக்கு மட்டும் ஒரு தகடு போதும். பக்கம் திறந்தே இருக்கட்டும்.

நடுக்கம்பில் கோடு போட்டு, போர் ஐந்தில் ஒரு பங்கு தாழ்ந்தால் விறகு தயார் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. மரம் நீளவாக்கில் சுருங்குவது மிகக் குறைவு, குறுக்கே சுருங்குவதும் அவ்வளவு இல்லை. அந்தத் தாழ்வில் பெரும்பகுதி துண்டுகள் நெருங்கி அமர்வதுதான். அதை நம்பாமல் தராசை நம்பு. சுவரில் ஒன்று, நடுவில் கைக்கு எட்டும் ஆழத்தில் ஒன்று என்று இரண்டு துண்டுகளில் எடையைச் சுண்ணக்கட்டியால் எழுதி வை. மாதம் ஒருமுறை நிறுத்துப் பார். பாதி எடை நீராக இருந்த 2 கிலோ துண்டு, 1.25 கிலோவுக்கு வந்தால் ஈரம் மொத்த எடையில் 20 சதவீதம். அதற்குக் கீழே போனால்தான் எரிக்கலாம். ஈரமானி வாங்கினால், துண்டைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்திப் பார்; வெளியே குத்தினால் பொய் சொல்லும். பெரும்பாலான ஈரமானிகள் மொத்த எடையை விட்டு, நீர் நீங்கிய உலர் எடையை வைத்துக் கணக்கிடும். அதில் 25 காட்டினால் நான் சொன்ன 20.

லேசான மரத்துக்கு ஆறு மாதமாவது ஆகும். ஓக் மாதிரி கடின மரத்துக்கு இரண்டு வருடம் வேண்டியிருக்கும். அவசரப்பட்டு ஈர விறகை எரித்தால் சூடு நீரை ஆவியாக்கவே போய்விடும், தணிந்த புகை புகைபோக்கிக்குள் தாராகப் படியும். பிறகு அந்தத் தார் தீப்பிடிக்கும்.

எடுக்கும்போது உச்சியிலிருந்து வரிசை வரிசையாக இறக்கு. பக்கவாட்டில் உருவினால் மொத்தமும் காலில் விழும். கையுறை போட்டுக்கொள், இடுக்கில் தேள் இருக்கும். நடு விறகு இன்னும் கனமாகத் தெரிந்தால் அதைத் தனியே ஒற்றை வரிசையாகக் கூரையின் கீழ் வைத்துவிடு, அடுத்த பருவத்துக்கு ஆகும்.

அன்புடன்,
அப்பா