கூல் பூங்காவின் மரமும் கால் ஏக்கர் நிலமும்

அயர்லாந்தின் பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் காத்துப் பார்வையாளர்களுக்குக் காட்டிவரும் அன்பர்களுக்கு,

வணக்கம்.

நான் நுவரெலியாவில் வளர்ந்தவன். எங்கள் ஊர் ஏரியின் பெயர் கிரகரி வாவி. 1872 முதல் 1877 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த வில்லியம் கிரகரியின் பெயர் அது. கொழும்பு நூதனசாலையை நிறுவியவரும், அதன் முன்றிலில் இன்றும் சிலையாக நிற்பவரும் அவரே. ஆகையால் அயர்லாந்துக்கு வந்தபோது, பலரும் முதலில் நாடும் பவர்ஸ்கோர்ட் தோட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு, கால்வே மாவட்டத்தில் அவருடைய குடும்பம் வாழ்ந்த கூல் பூங்காவுக்கே சென்றேன்.

அங்கே மாளிகை இல்லை. 1927-இல் அரசுக்கு விற்கப்பட்டு, 1941-இல் அது இடிக்கப்பட்டுவிட்டது. யேட்ஸ், பெர்னார்ட் ஷா முதலிய எழுத்தாளர்கள் தம் பெயரின் முதலெழுத்துகளைச் செதுக்கிய பீச் மரம் மட்டும் நிற்கிறது. கிரகரியின் மனைவி அகஸ்டா, கணவர் மறைந்தபின் அவ்வீட்டை எழுத்தாளர்கள் கூடும் இடமாக்கியவர். டப்ளின் நகரின் ஆபி நாடக அரங்கை நிறுவியவர்களுள் ஒருவர். அந்த மரத்தடியில் நான் நெடுநேரம் நின்றேன்.

ஆனால் கிரகரியின் பெயரோடு ஒட்டிய வேறொன்றும் உங்கள் நாட்டில் உண்டு. உருளைக்கிழங்குப் பயிர் அழுகி மக்கள் மடிந்துகொண்டிருந்த 1847-இல், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அவர் வறியோர் நிவாரணச் சட்டத்தில் ஒரு விதியைச் சேர்த்தார்: கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கும் குத்தகைக்காரர், அதைக் கைவிட்டாலன்றி அரசின் நிவாரணம் பெற முடியாது. கஞ்சிக்காக நிலத்தை விட்டவர்களுக்குப் பின்னர் திரும்பிப் போக வீடும் இருக்கவில்லை. விட மறுத்தவர்கள் பட்டினி கிடந்தார்கள். அதே ஆண்டில் அவருடைய தந்தை ராபர்ட், தம் குத்தகைக்காரர்களைப் பார்க்கச் சென்று தொற்றிய காய்ச்சலால் இறந்தார். ஒரே குடும்பத்துக்குள் இவ்விரண்டும் நடந்தன.

உங்களிடம் இதை எழுதக் காரணம் உண்டு. மலையகத் தமிழர்களாகிய எங்களுக்குத் தோட்டம் என்றால் பூந்தோட்டம் அல்ல. என் பாட்டி, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, கொழுந்து பறித்து, லயத்திலேயே இறந்தவர். தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவில் மரப்படிகளையும் ரோஜாப் பாத்திகளையும் புகழ்ந்து காட்டிவிட்டு லயத்தைக் காட்டாமல் திரும்புகிறவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் நாட்டிலும் நான் சென்ற சில மாளிகைகளில் சுதை வேலைப்பாட்டுக்கும் ஓவியங்களுக்கும் முக்கால் மணி நேரம் போனது. அவற்றுக்குப் பணம் தந்த குத்தகையைப் பற்றி ஒரு வாக்கியம்கூட வரவில்லை.

இயலாத காரியம் அல்ல இது. ரொஸ்கொமன் மாவட்டத்து ஸ்ட்ரோக்ஸ்டவுனில், 1979-இல் மாளிகை கைமாறியபோது கிடைத்த பஞ்சக்கால ஆவணங்கள் பாதுகாக்கப்பட்டு, 1994-இல் அங்கேயே பஞ்ச அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1847-இல் அந்தப் பண்ணையிலிருந்து கனடாவுக்குக் கப்பலேற்றப்பட்ட 1,490 பேரின் கதையும், அதே ஆண்டு நவம்பரில் நிலவுடைமையாளர் டெனிஸ் மஹோன் சுட்டுக் கொல்லப்பட்ட கதையும் விருந்து மண்டபத்தின் கதையோடு சேர்த்தே அங்கு சொல்லப்படுகின்றன. அதனால் அந்த வீட்டின் அழகு எனக்குக் குறைந்துவிடவில்லை; ஒவ்வோர் அறையிலும் கூடுதல் நேரம் நின்றேன்.

உங்கள் மாளிகைகளின் குத்தகைப் பதிவேடுகள் எங்கெல்லாம் எஞ்சியுள்ளனவோ, அங்கெல்லாம் அவற்றின் ஒரு பக்கத்தையாவது வரவேற்பறையிலேயே வையுங்கள். சமையற்கட்டையும் வேலையாட்கள் ஏறிய பின்படிக்கட்டையும் சுற்றின் கடைசியில் அவசரமாக முடிக்காமல், அங்கிருந்தே தொடங்குங்கள். கூல் பூங்காவில் வேறொன்றும் வேண்டுகிறேன்: மாளிகை நின்ற இடத்தருகே புல்வெளியில் கால் ஏக்கரை அளந்து, நான்கு மூலைகளிலும் நான்கு கற்களை நடுங்கள். ஒரு பக்கம் சுமார் 32 மீட்டர் வரும். அதைச் சுற்றி நடக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

அன்புடன்,
நுவரெலியாவிலிருந்து வந்த ஒரு பார்வையாளன்